முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு ஸ்டெம் செல் ஊசி: போட்டவங்க இருந்தா உண்மையைச் சொல்லுங்க

தாம்பரம் வாசகி, 8 ஜூன் 2025, மாலை 6.40

என் வீட்டுக்காரருக்கு வயசு 34. ஜனவரியில பைக் ஆக்சிடெண்ட். டி 10ல (நெஞ்சுப் பகுதி முதுகெலும்புல பத்தாவது) முறிவு, ஸ்க்ரூ வச்சு ஆபரேஷன் பண்ணியாச்சு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. ஸ்டெம் செல் (வேற வகை செல்லா மாறக்கூடிய மூலச் செல்) போட்டா நடக்க வாய்ப்பு இருக்குன்னு ஒரு சென்டர்ல சொல்றாங்க. மூணு சிட்டிங், மொத்தம் நாலரை லட்சம். அவரோட இடுப்பெலும்புல இருந்தே எடுத்து முதுகுல போடுறதால சைடு எஃபெக்ட் கிடையாதாம். மாமனார் ஊர்ல இருக்கற நிலத்தை விக்கத் தயாரா இருக்கார். போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

கொளத்தூர் அக்கா, 8 ஜூன், இரவு 11.15

அட்வான்ஸ் கட்டிட்டீங்களா? கட்டலேன்னா கட்டாதீங்க. நிலத்தை விக்க வேண்டாம்னு மாமனார்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. என் தம்பிக்குப் போட்டோம். நாளைக்கு உக்காந்து எழுதுறேன்.

9 ஜூன், இரவு 10.05

என் தம்பி ஏசி மெக்கானிக். 2018 அக்டோபர்ல ரெண்டாவது மாடியில அவுட்டோர் யூனிட் மாட்டும்போது ஸ்டாண்டு பிச்சுக்கிட்டு வந்து கீழ விழுந்தான். அப்போ அவனுக்கு 26 வயசு. டி 11. ஜி.எச்.ல ஆபரேஷன். டாக்டர் பஞ்சாலயும் ஊசியாலயும் கால் விரல்ல இருந்து மேல தொட்டுத் தொட்டுப் பார்த்து "ஏ"ன்னு எழுதினார். அடிபட்ட இடத்துக்குக் கீழ உணர்ச்சியும் இல்ல, அசைவும் இல்ல, ஆசனவாய்லயும் உணர்ச்சி இல்லன்னா அது "ஏ". கொஞ்சம் உணர்ச்சி மட்டும் இருந்தா "பி". அசைவும் இருந்தா "சி", "டி"ன்னு போகும். உங்க வீட்டுக்காரர் டிஸ்சார்ஜ் பேப்பர்ல இந்த எழுத்து இருக்கும், தேடிப் பாருங்க. எல்லாப் பேச்சும் அந்த எழுத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஏழு மாசம் கழிச்சு, 2019 மேல, ஒரு சென்டருக்குப் போனோம். பேர் சொல்ல மாட்டேன், தயவுசெஞ்சு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க. உள்ள நுழைஞ்ச உடனே ஒரு டிவி. அதுல வீல்சேர்ல வந்தவங்க வாக்கர் பிடிச்சு நடக்கற வீடியோ ஓடிக்கிட்டே இருந்துச்சு. எங்க அம்மா அந்த டிவி முன்னாடி நின்னவங்க நின்னவங்கதான், டோக்கன் கூப்பிட்டும் நகரல. அந்த வீடியோல இருந்தவங்களுக்கு "ஏ"வா "சி"யா, அடிபட்டு எத்தனை மாசம்னு கேக்க எங்களுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்போம். "சி", "டி"ல இருக்கறவங்க பல பேர் முதல் வருஷத்துல பயிற்சியாலயே எழுந்து நிப்பாங்க, அதுக்கு ஊசி தேவையே இல்ல.

அம்மாவோட அஞ்சு பவுன் சங்கிலி, என் வளையல், ஒரு சீட்டுப் பணம். மொத்தம் நாலு லட்சம்.

முதல் சிட்டிங் நான் கூடவே இருந்தேன். குப்புறப் படுக்க வச்சு, பின்பக்க இடுப்பெலும்புல பெரிய ஊசியைத் திருகித் திருகி இறக்கி மஜ்ஜையை இழுத்தாங்க. மத்தவங்களுக்கு உயிர் போற வலி எடுக்கும்னு நர்ஸ் சொன்னாங்க. அவன் அழுதான். நான் தலையைப் பிடிச்சுக்கிட்டு "வலிக்குதாடா"ன்னு கேட்டேன். "வலிக்கலக்கா, அதான்"னு சொன்னான்.

லேப்ல பிரிச்சு எடுத்து மத்தியானம் முதுகுல, சவ்வுக்குள்ள போட்டாங்க. மூணு நாள் தலையைத் தூக்க முடியாம தலைவலி. முதுகுத்தண்டு நீர் ஊசித் துளை வழியா கசிஞ்சா வர்ற தலைவலி அது, படுத்தா குறையும், உக்காந்தா மண்டையைப் பிளக்கும். சைடு எஃபெக்ட் இல்லன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்களே, இதையும் சொன்னாங்களா?

11 ஜூன், காலை 5.30

தூக்கம் வரல, மீதியையும் எழுதிடறேன்.

ரெண்டாவது சிட்டிங் முடிஞ்சு பன்னெண்டாம் நாள். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். அம்மா "அசையுது, அசையுது"ன்னு கத்தினாங்க. ஓடிப் போய் லைட் போட்டுப் பார்த்தோம். போர்வை விலகியிருந்துச்சு, வலது கால் கட்டைவிரல் மேல நிமிர்ந்து நின்னுச்சு. அப்புறம் முழங்கால் மடங்கி, கால் மொத்தமும் வெடவெடன்னு ஆடுச்சு. அப்பா கற்பூரம் கொளுத்திட்டார். அம்மா அந்த விரலைப் பிடிச்சு முத்தம் கொடுத்தாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் எழுந்து வந்துட்டாங்க. தம்பி மட்டும் எதுவும் பேசல. "நான் ஆட்டலம்மா"ன்னு ஒரு தடவை சொன்னான், யாரும் கேக்கல.

சென்டருக்கு வீடியோ அனுப்பினோம். "வெரி குட் சைன், மூணாவது சிட்டிங்கை தள்ளிப் போடாதீங்க"ன்னு பதில் வந்துச்சு.

அது ஸ்பாசம். மூளையில இருந்து வர்ற கட்டளை அறுந்துபோனாலும் அடிபட்ட இடத்துக்குக் கீழ இருக்கற தண்டுவடம் உயிரோடதான் இருக்கும். போர்வை உரசினாலும், மூத்திரப்பை நிறைஞ்சாலும் அது தானா காலை இழுக்கும். அடிபட்ட புதுசுல கால் துணி மாதிரி தொங்கும், வாரங்கள், மாசங்கள் போனதும் இந்த இழுப்பு ஆரம்பிக்கும். ஊசி போடாதவங்களுக்கும் வரும். அன்னைக்கு ராத்திரி அவனுக்கு மூத்திரப்பை நிறைஞ்சிருந்துச்சு, ட்யூப் மடங்கிக் கிடந்ததைக் காலையிலதான் பார்த்தேன். இதை எங்களுக்கு விளக்கினது ஜி.எச். பிசியோதெரபிஸ்ட் பொண்ணு. பேக்லோஃபென் மாத்திரையில இழுப்பு குறைஞ்சுச்சு.

உங்க வீட்டுக்காரருக்கும் இந்த ஆட்டம் வந்திருக்கும், இல்லன்னா வரும். "நீங்க நினைச்சு ஆட்டினீங்களா"ன்னு அவரைக் கேளுங்க. அவர் சொல்றதை நம்புங்க.

12 ஜூன்

மூணாவது சிட்டிங்குக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு மடிப்பாக்கம் சார் கேட்டிருந்தார். அது செப்டம்பர் 2019. ஜி.எச்.ல திரும்பவும் பஞ்சு, ஊசி வச்சுப் பார்த்தாங்க. "ஏ". சென்டர் கொடுத்த ரிப்போர்ட்ல "உடம்புச் சமநிலையில் முன்னேற்றம், தசை வலுவில் முன்னேற்றம்"னு இருந்துச்சு. அது பொய் இல்ல. நிஜமாவே சாயாம உக்கார ஆரம்பிச்சான். ஆனா அங்க இருந்த நாளெல்லாம் தினம் நாலு மணி நேரம் பயிற்சி கொடுத்தாங்க. அதுவரைக்கும் வீட்டுல அவனுக்கு அரை மணி நேரம் கூட நடந்ததில்ல. வயிறு, முதுகு, கை பலமானது அதனால. பேக்கேஜ்ல வேலை செஞ்சது பயிற்சி, பில்லுல பெருசா இருந்தது ஊசி.

நாலு லட்சம்னு எழுதியிருந்தேன், தப்பு. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். டெஸ்ட், ரூம், வேன் எல்லாம் சேர்த்து 4,85,000. அப்போ எங்க ஏரியாவுல வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு நாளைக்கு 400 ரூபா. ஞாயித்துக்கிழமை விட்டா மாசம் 10,400. ஏறக்குறைய நாலு வருஷப் பயிற்சி அந்தப் பணத்துல இருந்துச்சு. இந்தக் கணக்கை அன்னைக்கு யாரும் எங்களுக்குப் போட்டுக் காட்டல, அதனாலதான் இங்க போடறேன்.

15 ஜூன்

போரூர்ல இருந்து ஒரு அம்மா வருத்தப்பட்டு எழுதியிருந்தாங்க. அவங்க பையனுக்குத் தலசீமியா (பரம்பரையா வர்ற ரத்தக் குறைபாடு), வேலூர்ல மஜ்ஜை மாற்று சிகிச்சை பண்ணி இன்னைக்கு காலேஜ் போறான், ஸ்டெம் செல்லே ஏமாத்துன்னு படிக்கறவங்க நினைச்சுடப் போறாங்கன்னு. அவங்க சொல்றது சரி. நான் கோபத்துல எழுதினதுல அது விட்டுப்போச்சு.

மஜ்ஜையில இருக்கற ஸ்டெம் செல்லோட வேலையே ரத்தம் உண்டாக்கறது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி நோய்களுக்கு அது நிரூபணமான வைத்தியம். வேலூர் சி.எம்.சி.யில 1986ல இருந்தே செய்யறாங்க. அதே மஜ்ஜையை எடுத்து முதுகுல விட்டா அது தண்டுவட நரம்பா மாறி அறுந்ததை ஒட்ட வைக்கும்ங்கறதுதான் நிரூபிக்கப்படல. வார்த்தை ஒண்ணா இருக்கறதால அங்க கிடைச்ச நம்பிக்கையை இங்க கொண்டுவந்து வச்சு விக்கறாங்க.

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கற நரம்பு நோய்) இருக்கற ஒரு தங்கச்சியும் கேட்டிருந்தாங்க. அவங்க விஷயம் வேற. அங்க கீமோ கொடுத்து, தன் நரம்பையே தாக்கற எதிர்ப்புச் சக்தியைத் துடைச்சுட்டு, முன்னாடியே எடுத்து வச்ச சொந்த ஸ்டெம் செல்லால புதுசா கட்டறாங்க. 2019ல 110 பேரை ரெண்டாப் பிரிச்சுப் பார்த்த ஆய்வு வந்துச்சு, விட்டுவிட்டு வர்ற வகை எம்.எஸ்.ல, மாத்திரை ஊசியில தொடர்ந்தவங்களைவிட மாற்று செஞ்சவங்களுக்கு நோய் முத்தறது குறைவா இருந்துச்சு. ஆனா அது தாக்குதலை நிறுத்தற வைத்தியம், போன நரம்பைத் திருப்பித் தராது. கீமோவோட ஆபத்தும் உண்டு. உங்க நியூராலஜிஸ்ட்கிட்ட பேசுங்கம்மா, என் பேச்சை வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க.

15 ஜூன், இரவு

குரோம்பேட்டை அப்பாவுக்கு: ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் பரிந்துரைக்கப்படலன்னு தேசிய மருத்துவ ஆணையத்தோட நெறிமுறை வாரியம் 2022 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. குழந்தை முதுகுல ஊசி குத்த விடாதீங்க.

18 ஜூன்

தாம்பரம் தங்கச்சி, சென்டர்ல "கவர்ன்மெண்ட் அனுமதி இருக்கு"ன்னு ஒரு சர்டிபிகேட் காட்டினாங்கன்னு எழுதியிருக்கீங்க. எங்களுக்கும் ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்ததைக் காட்டினாங்க. நல்லாப் படிங்க, அது கட்டடத்துக்கா, லேபுக்கா, இந்த ஊசிக்கா?

ஐ.சி.எம்.ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2007ல ஒரு வழிகாட்டி போட்டாங்க. அதோட தலைப்புல "ஆராய்ச்சி, சிகிச்சை"ன்னு ரெண்டு வார்த்தையும் இருந்துச்சு. 2013ல திருத்தினப்போ தலைப்புல இருந்து "சிகிச்சை"யை எடுத்துட்டாங்க. ரத்தம் சம்பந்தமான அந்த நிரூபணமான நோய்களைத் தவிர மத்ததெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான், சிகிச்சைன்னு சொல்லி யாரும் குழப்பக் கூடாதுன்னுதான். 2017ல திரும்பத் திருத்தினப்பவும் அதே தலைப்பு. எங்க அம்மா டிவி முன்னாடி நின்னது 2019ல. ரெண்டு திருத்தமும் வந்து முடிஞ்சிருந்துச்சு. வாசல்ல போர்டுல "சிகிச்சை"ன்னுதான் எழுதியிருந்துச்சு.

அப்படின்னா இது சோதனை. சோதனைன்னா நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது, சி.டி.ஆர்.ஐ.ங்கற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டுல பதிஞ்சிருக்கணும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கணும். அதனால அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது சிகிச்சையா, சோதனையா?" சிகிச்சைன்னு சொன்னா வழிகாட்டிக்கு விரோதம். சோதனைன்னு சொன்னா, எதுக்கு நாலரை லட்சம்?

19 ஜூன்

நேத்து எழுதினதுல ஒரு திருத்தம். ஐ.டி.யில இருக்கற என் சித்தி பையன் படிச்சுட்டு ஃபோன் பண்ணினான். பதிவு எண் இருந்துட்டா மட்டும் நல்ல சோதனைன்னு ஆயிடாதுக்கா, பதிவேடு ஒரு நோட்டுப்புத்தகம் மாதிரி, அதுல பேர் இருக்கறது அனுமதி ஆகாதுன்னு சொன்னான். சரிதான். எண்ணை வாங்கி அந்த இணையதளத்துல போட்டுப் பாருங்க. யாரைச் சேக்கறாங்க, அடிபட்டு எத்தனை நாளுக்குள்ள, எத்தனை பேர், ஒப்பிட இன்னொரு குழு இருக்கா, எல்லாம் அதுல இருக்கும். உங்க வீட்டுக்காரர் அந்த வரம்புக்குள்ள வர்றாரான்னு பாருங்க.

24 ஜூன்

ஜப்பான் செய்தியை மூணு பேர் அனுப்பியிருக்கீங்க. படிச்சேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு, மனசு அடிச்சுக்கத்தான் செஞ்சுச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

கெய்யோ பல்கலைக்கழகம் இந்த மார்ச் மாசம் சொன்னது இது. நாலு பேர். எல்லாருக்கும் "ஏ". ஆளுக்கு 20 லட்சம் செல். ஒருத்தர் "சி"க்கு வந்தார், இன்னொருத்தர் "டி"க்கு வந்தார், அவர் நிக்கறார். மத்த ரெண்டு பேர் அப்படியேதான் இருக்காங்க. ஆனா அவங்க போட்டது மஜ்ஜை இல்ல. யமனாகா கண்டுபிடிச்ச ஐ.பி.எஸ். செல் (சாதாரண உடம்பு செல்லைத் திரும்ப ஸ்டெம் செல்லா மாத்தினது), 2012ல அவருக்கு நோபல் கிடைச்சதே, அதுல இருந்து நரம்பு முன்னோடிச் செல்லா வளர்த்து, ஆபரேஷன் பண்ணி, அடிபட்ட இடத்துலயே வச்சாங்க. அதுவும் அடிபட்டு 14ல இருந்து 28 நாளுக்குள்ள. அந்த நேரத்துல சிலருக்குத் தானாவே கொஞ்சம் திரும்பும், அதனால நாலு பேரை வச்சு செல்லாலதான் வந்துச்சுன்னு அவங்களாலயே அடிச்சுச் சொல்ல முடியாது. இன்னும் நிறைய பேருக்குப் பார்க்கணும். அந்த நாலு பேர்ல யாரும் நகையை அடகு வச்சிருக்க மாட்டாங்க.

பார்க்கின்சன் அப்பா இருக்கற வில்லிவாக்கம் தம்பிக்கும் இதுதான். ஏப்ரல்ல கியோட்டோல இருந்து வந்தது ஏழு பேருக்கு, டோபமின் (அசைவுக்குத் தேவையான மூளை ரசாயனம்) சுரக்கற செல்லை மூளைக்குள்ள வச்சு. பலன் பார்த்த ஆறு பேர்ல நாலு பேருக்கு, மருந்து வேலை செய்யாத நேரத்து அசைவு கொஞ்சம் தேறியிருக்கு. நல்ல செய்தி. ஆனா உங்க அப்பாவுக்கு அண்ணா நகர்ல இடுப்பெலும்புல இருந்து எடுத்துக் கையில டிரிப்ஸா ஏத்தறேன்னு சொல்றாங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

சொந்த செல்லுதானே, கெட்டது என்ன ஆயிடும்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. 2014ல ஒரு மருத்துவ இதழ்ல வந்தது. டி 10 – 11ல அடிபட்ட ஒரு இளம்பெண். மூக்குக்குள்ள இருக்கற தன்னோட சவ்வையே எடுத்து முதுகுத்தண்டுல வச்சாங்க. எட்டு வருஷம் கழிச்சு முதுகுவலி. திறந்து பார்த்தா உள்ள சளி சுரக்கற கட்டி. சொந்த செல்தான். அது எங்க இருந்து வந்துச்சோ அந்த வேலையைத்தான் பார்த்துச்சு.

29 ஜூன், ஞாயிறு

இந்த இழையைத் தம்பி படிச்சுட்டான். நான் படிக்கச் சொல்லல, யாரோ அவனுக்கு லிங்க் அனுப்பியிருக்காங்க. மத்தியானம் சாப்பிடும்போது "ஒரு விஷயம் தப்பா எழுதியிருக்கேக்கா"ன்னான். நான் தொகைதான் திரும்பத் தப்பாயிடுச்சுன்னு நினைச்சேன்.

"நீயும் அம்மாவும் என்னைக் கூட்டிட்டுப் போன மாதிரி எழுதியிருக்கே. நான்தான் கேட்டேன். யூடியூப்ல பார்த்துட்டு ராத்திரி எல்லாம் நான்தான் அழுது கேட்டேன்"னான்.

உண்மைதான். ஆறு வருஷமா நான் அதை மறந்தே போயிருக்கேன். நகையை நான் கழட்டிக் கொடுத்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்துச்சு.

அப்புறம் இன்னொண்ணும் சொன்னான். அதைத்தான் தாம்பரம் தங்கச்சிக்காக எழுதுறேன். "காசு போனதைப் பத்தியே எழுதுறே. காசு நான் திருப்பி சம்பாதிச்சுட்டேன். அந்தக் காலம்தான் போச்சு. நடக்கப் போறேனே, எதுக்கு வீல்சேர் பழகணும்னு இருந்துட்டேன்."

அப்படித்தான் நடந்துச்சு. கட்டில்ல இருந்து சேருக்கு மாறப் பழகச் சொன்னா பழக மாட்டான். வாசல்ல சரிவு போட அப்பா கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தார், இவன் திருப்பி அனுப்பிட்டான். கடைசி சிட்டிங்குக்கு அப்புறம் "ஆறு மாசம் பொறுங்க, செல் வேலை செய்ய டைம் எடுக்கும்"னு சென்டர்ல சொன்னாங்க. பொறுத்தோம். ஆறு மாசம் முடியும்போது லாக்டவுன். படுத்தே கிடந்தான். 2020 ஜூன்ல முதுகுக்குக் கீழ படுக்கைப்புண், என் உள்ளங்கை அளவு. அது ஆற எட்டு மாசம்.

2021லதான் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க இவனை மாதிரியே அடிபட்ட ஒரு அண்ணன், நாப்பது வயசு இருக்கும், வீல்சேர்ல வந்து இவன் கட்டில் பக்கத்துல நிறுத்தி, பலகை ஒண்ணை நடுவுல போட்டு, கையை ஊன்றி அப்படியே நகர்ந்து கட்டிலுக்கு வந்து உக்காந்தார். திரும்பவும் நகர்ந்து சேருக்குப் போனார். "நீ பண்ணு"ன்னார். தம்பி நாலாவது நாள் பண்ணிட்டான். அன்னைக்கு அவனே தனியா பாத்ரூமுக்குப் போனான். 2018க்கு அப்புறம் முதல் தடவை.

அந்த அண்ணனை 2019லயே பார்த்திருக்கலாம்.

3 ஜூலை

என்ன பண்ணணும்னு சொல்லாம என்ன பண்ணக் கூடாதுன்னே சொல்றேன்னு பல்லாவரம் சார் சொல்லியிருந்தார். எங்க வீட்டுல நடக்கறதைச் சொல்றேன். ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். சேர்ல உக்காந்தா கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றித் தூக்கி எழும்பணும். தினம் குளிச்சதும் கைக்கண்ணாடியை வச்சுப் பின்பக்கம் சிவந்திருக்கான்னு அவரே பாக்கணும், உணர்ச்சி இல்லாத இடத்துக்குக் கண்ணுதான் காவல். மூத்திரத்துக்கு எப்பவும் ட்யூப் போட்டே வைக்காம, நாலுல இருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானே ட்யூப் போட்டு எடுக்கப் பழகணும், டாக்டர்கிட்ட கேளுங்க. இழுப்பு திடீர்னு அதிகமானா புண்ணோ, யூரின் இன்ஃபெக்ஷனோ இருக்கான்னு பாருங்க. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்பவே எழுதிப் போடுங்க. தம்பிக்கு மாசம் 2000 பராமரிப்புத் தொகை அதுலதான் வருது.

6 ஜூலை

தம்பி என்ன பண்றான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. மீன் வளர்க்கறான். கலர் மீன் வளர்ப்புக்குப் பேர் போன கொளத்தூர்ல இருந்துகிட்டு வேற என்ன பண்ணுவான். முன்னாடி ரூம்ல தொட்டிகள், எல்லாம் அவன் சேர் உயரத்துக்கு வெல்டிங் பண்ணின ஸ்டாண்டுல. ஏசி வேலையில கத்துக்கிட்ட வெல்டிங், அளவு அவன் சொன்னது. ஃபைட்டர் மீனுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி பாட்டில், இல்லன்னா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் குதறிடும். காலையில அஞ்சு மணிக்கு தண்ணி மாத்த ஆரம்பிப்பான். மடியில ஒரு பிளாஸ்டிக் ட்ரே, அதுல இருபது பாட்டில், ஒரு சொட்டு சிந்தாம சேரைத் தள்ளிக்கிட்டு வருவான். வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்காரங்க வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போறாங்க.

அம்மா இன்னும் ராத்திரியில அவன் கால் விரலைப் பாக்கறாங்க. அதுக்கு நான் எதுவும் சொல்றதில்ல.

13 ஜூலை

தாம்பரம் தங்கச்சி, உங்க மெசேஜ் பார்த்தேன். மாமனாரும் வீட்டுக்காரரும் முடிவு பண்ண இன்னும் டைம் கேக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. கேக்கட்டும். அவங்களைத் திட்டாதீங்க, அவர் அழுதார்னா அழ விடுங்க. முடிவு எதுவா இருந்தாலும் வீல்சேர் பழகறதை மட்டும் நிறுத்தி வைக்காதீங்க. தம்பி ஃபோன்ல பேசறேன்னு சொல்றான், உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு நம்பரை இன்பாக்ஸ்ல போடுங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல, மீனுக்குத் தீனி போட்டு முடிச்சுட்டு இருப்பான்.

பின்பக்கம் ஒரு ரூபாய் அளவு சிவந்திருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அழுத்தி எடுத்தா வெளுக்குதா, அப்படியே சிவப்பா நிக்குதா? அப்படியே நின்னா அந்தப் பக்கம் படுக்கவே வைக்காதீங்க, நாளைக்கே காட்டுங்க. எங்க வீட்டுல ஏர் பெட் சும்மா இருக்கு, மோட்டார் நல்லா ஓடுது, நேத்து ஓட விட்டுப் பார்த்தேன். ஒரு ட்யூப்ல மட்டும் பஞ்சர் ஒட்டியிருக்கு. வியாழக்கிழமை நான் லீவு. யாரையாவது ஆட்டோவோட அனுப்புங்க, துவைச்சு மடிச்சு வைக்கறேன்.